சீசன் கணக்கு

(தென்காசியில், ஆனிச் சாரல் விழுந்த ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கம்பனைக் கொண்டாடிய ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த குற்றாலம் இங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். கம்பனைப் பற்றிப் பேச வேண்டிய மண்ணில் மெகாவாட்டைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் துணைமின் நிலையத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். எனக்குத் தெரிந்த சந்தம் டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல் ஒன்றுதான். ஆகவே அலங்காரம் எதிர்பார்க்காதீர்கள்.

நேற்றுக் காலை குற்றாலத்தில் இருந்தேன். பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. பஸ் ஏறித் தென்காசி வந்து, அங்கிருந்து சுரண்டை பஸ் பிடித்தேன். பாவூர்சத்திரம் போவதற்குள் சட்டை காய்ந்துவிட்டது. அதற்கு அப்பால் மழைத்துளி கிடையாது, காற்று மட்டும்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணில் மண் விழாமல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். வெளியே, கண்ணுக்கு எட்டிய மட்டும் காத்தாடிகள். காகிதத்தில் 'காற்றாலை' என்று எழுதுகிறோம், ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. காத்தாடிதான்.

குற்றாலத்தில் என்னை நனைத்த காற்றும் சுரண்டையில் அந்த இறக்கைகளைச் சுற்றிய காற்றும் ஒரே காற்று. அரபிக்கடலில் கிளம்பி, கொல்லம், புனலூர் தாண்டி, ஆரியங்காவுக் கணவாய் வழியாக நம் பக்கம் நுழைகிறது. 1904-இல் மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு ரயில் விட்ட வெள்ளைக்காரன் அதே இடைவெளியைத்தான் தேடிப் பிடித்தான். மலைத்தொடர் அங்கே தாழ்ந்து வழிவிடுகிறது. ரயிலுக்கு விட்ட வழி காற்றுக்கும் வழி. ஈரத்தின் பெரும்பகுதியைக் கேரளத்துச் சரிவிலேயே இறக்கிவைத்துவிட்டு, மிச்சத்தைச் சாரலாகச் செங்கோட்டை, குற்றாலம், தென்காசியில் தெளித்துவிட்டு, கிழக்கே சமவெளியில் இறங்கும்போது அது வறண்ட காற்று. குறுகிய வாய் வழியே வருவதால் வேகம் மட்டும் குறையாமல் வருகிறது. குற்றாலத்துக்குச் சீசன் என்றால் சுரண்டைக்கும் ஊத்துமலைக்கும் ஆலங்குளத்துக்கும் காற்று சீசன்.

ஒரு விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, இந்தக் காத்தாடி வந்த பெறவுதான் எங்க பக்கம் மழை இல்ல. வார மேகத்தையெல்லாம் வெரட்டி அடிச்சிருதுல்லா!" மகாராஷ்டிரத்தில் சாத்தாரா பக்கமும் விவசாயிகள் இதையே சொன்னார்கள் என்று படித்திருக்கிறேன். நான் அவரிடம் கேட்டேன், "உங்க அப்பா காலத்துல ஆனி ஆடியில இங்க மழை பெய்ஞ்சுதா?" கொஞ்சம் யோசித்தார். "இல்ல. அப்பவும் காத்துதான். மழை ஐப்பசியிலதான்." அவ்வளவுதான் விஷயம். அவருடைய மழை வடகிழக்கிலிருந்து வருவது. அது வரும்போது காத்தாடிகள் பாதி தூக்கத்தில் இருக்கும். மேகம் கிடப்பதும் இறக்கைக்கு வெகு மேலே. ஆனால் அவர் கோபத்தைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தன் நிலத்தில் வந்து நின்ற ஒன்றால் தனக்கு எதுவும் இல்லை என்பதை அவர் மழை என்ற பேரில் சொல்கிறார். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

இந்தக் காற்றை விரிவாகக் கணக்கெழுதியவர் யார் தெரியுமா? மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர், ஒரு பெண். பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, பிறகு வானிலைத் துறையில் சேர்ந்தார். சுதந்திரம் வந்த புதிதில் காற்றுமானியும் மழைமானியும் கப்பலில்தான் வரும். அவற்றை இங்கேயே செய்ய வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். 1976-இல் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்கள் என்ன செய்வோம்? பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவோம். அந்த அம்மா நாடு முழுக்க எந்த மேட்டில் எந்த மாதம் என்ன வேகத்தில் காற்று வீசுகிறது என்று அளக்கக் கிளம்பினார். சூரிய ஒளிக்கான புள்ளிவிவர நூல்கள் 1980-லும் 1981-லும், காற்றுக்கானது 1983-லும் வந்தன.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்கு ஆகும். வேகம் கால் பங்கு குறைந்தால் ஆற்றல் பாதிக்குக் கீழே விழும். ஆகவே 'இங்கே நல்ல காற்று' என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கோடி ரூபாயை நட முடியாது. மாதக்கணக்கில் கம்பத்தில் கருவியைக் கட்டி அளந்த எண் வேண்டும். அதைக் கொடுத்தவர் அவர். எரிசக்திக் கொள்கை என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி மந்திரிகளின் அறிக்கை. என்னைக் கேட்டால் உண்மையான கொள்கை அந்த அம்மாவின் அட்டவணைகளில்தான் தொடங்குகிறது.

1973-இல் அரபு நாடுகள் எண்ணெயைப் பூட்டியபோது இந்தியா கதிகலங்கியது. அதன் விளைவாகத்தான் 1982-இல் மரபுசாரா எரிசக்திக்கு டெல்லியில் தனித்துறை வந்தது, 1985-இல் நம் மாநிலத்தில் எரிசக்தி மேம்பாட்டு முகமை வந்தது. 1986-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காத்தாடிகளை நட்டார்கள். பிறகு டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் பெரிய அளவில் நட்டார்கள். கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கயத்தாறு, காற்றைப் பரிசோதிக்கிற ஊரானது. இன்றைக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் அங்கேதான் இருக்கிறது.

அதுவரை அரசாங்கத்துப் பரிசோதனை. தொண்ணூறுகளில் ஒரு சங்கதி நடந்தது. காத்தாடிக்குப் போட்ட முதலீட்டை முதல் வருஷமே முழுத் தேய்மானமாகக் கணக்குக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவ்வளவுதான், கோயம்புத்தூர், திருப்பூர், ராஜபாளையம் நூற்பாலைக்காரர்களெல்லாம் நம் பக்கம் நிலம் தேடி வந்தார்கள். மார்ச் மாதம் முடிவதற்குள் நட்டாக வேண்டும், ஏனென்றால் வரிக்கணக்கு மார்ச்சில் முடிகிறது. காற்று வருவதோ வைகாசியில்! காத்தாடியை நட்ட அவசரம் காற்றுக்காக இல்லை, ஆடிட்டருக்காக. ஒன்றை மறுக்க மாட்டேன்: அந்த வரிச் சலுகை இல்லாவிட்டால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிய காற்றாலைகள் நின்றிருக்காது. உலகத்தில் பலர் காற்றை விளையாட்டாகப் பார்த்த நாளில் நம் ஆலைக்காரர்கள் சொந்தப் பணத்தைப் போட்டார்கள். ஆனால் எவ்வளவு மின்சாரம் எடுத்தாய் என்று கேட்காமல் எவ்வளவு பணம் போட்டாய் என்று மட்டும் கேட்டுக் கொடுத்த சலுகை அது. அதன் தழும்பு இன்னும் நம் நிலத்தில் இருக்கிறது.

பிறகு நடந்தது ஊஞ்சல் ஆட்டம். தேய்மானச் சலுகையை 80 விழுக்காடாக்கினார்கள். 2012-இல் எடுத்துவிட்டார்கள். 2014-இல் திருப்பிக் கொடுத்தார்கள். 2017-இல் 40 ஆகக் குறைத்தார்கள். அந்த வருஷமே நிர்ணய விலை போய் ஏல முறை வந்தது. தமிழ்நாட்டில் யூனிட்டுக்கு 4 ரூபாய் 16 காசு என்று இருந்தது. 2017 பிப்ரவரியில் டெல்லி நடத்திய ஏலத்தில் 3 ரூபாய் 46 காசுக்கு வந்தது. டிசம்பரில் குஜராத்தில் 2 ரூபாய் 43 காசு! மின்சாரம் வாங்குகிறவனுக்குக் கொண்டாட்டம். காத்தாடி செய்கிறவன் கதை வேறு. 2011-12-இல் நாட்டில் 3,200 மெகாவாட் அளவுக்குப் புதிதாக நட்டார்கள், அடுத்த வருஷம் 1,700. 2016-17-இல் 5,500, அடுத்த வருஷம் 1,800-க்கும் கீழே. இப்படி ஏறி இறங்கினால் எந்தப் பட்டறை தாங்கும்? வெல்டருக்கு ஒரு வருஷம் இரட்டை ஷிப்ட், அடுத்த வருஷம் வீட்டில் உட்கார்.

இப்போது கொஞ்சம் பெரிய படத்தைப் பார்ப்போம். 2024 மே 30 அன்று இந்தியாவின் மின்தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. ஆனாலும் ஓர் இந்தியன் சராசரியாகச் செலவழிக்கும் மின்சாரம் உலக சராசரியில் பாதிகூட இல்லை. அதாவது இந்த மேடு இன்னும் பாதி தூரம்கூட ஏறவில்லை. 2024-25-இல் நாடு வெட்டிய நிலக்கரி 100 கோடி டன்னைத் தாண்டியது. 2025 ஜூன் கணக்கில் இன்னொரு செய்தி: நாட்டின் மொத்த மின்நிறுவு திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு அல்லாதவை. 2030-க்குள் செய்வதாக உலகத்துக்குக் கொடுத்த வாக்கை ஐந்து வருஷம் முன்னதாகவே நிறைவேற்றிவிட்டோம் என்றார்கள். பொய் இல்லை. ஆனால் அதே நாட்டில் எரியும் விளக்கில் நாலில் மூன்று ஏறத்தாழ நிலக்கரியில்தான் எரிகிறது.

இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மை? குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். 'எங்க லாட்ஜ்ல நாப்பது ரூம்' என்பது நிறுவு திறன். வருஷத்தில் எத்தனை ரூமில் எத்தனை நாள் ஆள் தங்கினார்கள் என்பது உற்பத்தி. சீசனில் வராந்தாவில் பாய் விரித்துக்கூட ஆள் படுத்திருப்பார்கள். மாசி பங்குனியில் சாவி எல்லாம் பலகையில் தொங்கும். காத்தாடியும் அப்படியே. வருஷம் முழுக்க எடுத்துச் சராசரி போட்டால் அதன் திறனில் கால் பங்குதான் தேறும், பழைய எந்திரமாக இருந்தால் அதுவும் தேறாது. டெல்லியில் ரூமை எண்ணுகிறார்கள். ராத்திரி எத்தனை பேர் தூங்கினார்கள் என்பது நம் கவலை.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி எங்கிருந்து வருகிறது? ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டி, ரயிலில் பாராதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பலேறி வங்கக்கடலைச் சுற்றி வருகிறது. காற்று நம் வாசலுக்கே நடந்து வருகிறது. ஆனால் நிலக்கரியைக் குவித்து வைக்கலாம். காற்றைக் குவிக்க முடியாது. எரிசக்திக் கொள்கையின் முடிச்செல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. எந்த எரிபொருள் நல்லது என்று கட்டுரைப் போட்டி நடத்தலாம். கேள்வி, எந்த நேரத்தில் கிடைக்கிறது, அது வேண்டிய நேரம்வரை யார் பத்திரமாக வைத்திருப்பது என்பதுதான்.

பேரருவியில் ஆர்ச் இருக்கிறதே, அதைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் என்ன செய்வார்கள்? போலீஸ் விசில் அடிக்கும். 'குளிக்கத் தடை' என்று மறுநாள் பேப்பரில் வரும். அருவி மிக அழகாக இருக்கிற நாளில்தான் நாம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அங்கே உயிர்ப் பிரச்சினை, தடை சரிதான். காற்றிலும் அதே விசில் உண்டு. ஒரு ஆடி மாதம். எந்த நிலையம், எந்த வருஷம் என்பது வேண்டாம். ராத்திரிப் பணியில் இருக்கிறேன். காற்று அப்படி ஒரு காற்று, கட்டடத்தின் தகரக் கூரை சாமி வந்த மாதிரி ஆடுகிறது. மீட்டர் முள் நான் பார்த்திராத இடத்தில் நிற்கிறது. மனசுக்குள் ஒரு சந்தோஷம், நம்ம ஊர்க் காற்று சென்னை வரைக்கும் விளக்கேற்றுகிறது என்று. போன் வந்தது. "காத்தாலை ஃபீடரை இறக்கு." இறக்கினேன். வெளியே காற்று அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல். எனக்கு உத்தரவு போட்டவரையும் குறை சொல்ல மாட்டேன். கம்பி தாங்காவிட்டால் அவர் வேறென்ன செய்வார்?

அன்றைக்குத் தென்னகத்தின் மின்வலை தனித்தீவு மாதிரி. மிஞ்சினால் வடக்கே அனுப்பப் போதிய வழி இல்லை, குறைந்தால் வாங்கவும் போதிய வழி இல்லை. 2012-இல் தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போனது ஞாபகம் இருக்கிறதா? இன்வெர்ட்டர் கடைக்காரர்கள் வீடு கட்டிய காலம். வைகாசியில் காற்று எழும்பியதும் தமிழ்நாடே மூச்சு விட்டது, புரட்டாசி முடிந்து காற்று அடங்கியதும் மறுபடி இருட்டு. ராய்ச்சூர், சோலாப்பூர் இடையே 765 கிலோவோல்ட் கம்பி இழுத்துத் தென்னகத்தை நாட்டின் பொது வலையோடு ஒன்றாகச் சேர்த்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான். காத்தாடி நட்டு இருபத்தேழு வருஷம் கழித்து!

இந்த மாதிரி நாம் மட்டும் செய்யவில்லை என்பது ஒரு ஆறுதல். சீனாவின் கான்சு மாகாணத்தில் பாலைவனக் காற்றை நம்பிக் காத்தாடிகளைக் காடு மாதிரி நட்டார்கள். கிழக்கே பட்டணங்களுக்குக் கொண்டுபோகக் கம்பி தயாராகவில்லை. 2016-இல் அங்கே எடுத்திருக்கக்கூடிய காற்று மின்சாரத்தில் 43 விழுக்காட்டை வீணாக விட்டார்கள். அதற்கப்புறம் அவர்கள் சும்மா இருக்கவில்லை. அங்கிருந்து ஹுனான் வரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நேர்மின்னோட்டக் கம்பி இழுத்தார்கள், காற்று மிக வீணாகும் மாகாணங்களில் புதிதாக நடக் கூடாது என்று கையைக் கட்டினார்கள். நம் பக்கமும் 'பசுமை மின்வழித்தடம்' என்று கயத்தாறு முதல் பெரிய கம்பிகள் வந்திருக்கின்றன, நிலைமை முன்பைவிட எவ்வளவோ தேவலை. 2022 ஜூலையில் ஒரே நாளில் தமிழ்நாட்டுக் காற்று கொடுத்தது 12 கோடி யூனிட். அதை வாங்கிக்கொள்ளக் கம்பி இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி.

சரி, கம்பி வந்துவிட்டது. காலம்?

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை கண்டிராத உச்சம். அக்கினி நட்சத்திரம் பிறக்கவே இன்னும் இரண்டு நாள் இருந்தது. நம் காற்றோ சாவகாசமாக மே கடைசியில்தான் எழும்பும். விருந்தாளி பந்திக்கு வந்துவிட்டான், சமையல்காரன் பஸ் ஏறவில்லை.

குற்றாலத்துக் கடைக்காரரைப் பாருங்கள். நேந்திரம் சிப்ஸ் போடுகிறவர், மங்குஸ்தான் கூறு கட்டி விற்கிறவர், எண்ணெய் தேய்த்து விடுகிறவர், யாராக இருந்தாலும் மூன்று மாதம் சம்பாதிக்கிறார், பன்னிரண்டு மாதம் சாப்பிடுகிறார். சாரல் ஏமாற்றிய வருஷத்தில் நகை அடகுக்குப் போகும். நல்ல வருஷத்தில் சீட்டுக் கட்டி வைப்பார். சீசன் பிழைப்பு என்றால் சேமிப்புதான் பிழைப்பு என்பதை அவருக்கு எந்த ஆணையமும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த ஞானம் நம் மின்துறைக்கு வர நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

மின்துறையிலும் ஒரு சீட்டு இருந்தது, 'பேங்கிங்' என்பார்கள். ஆலைக்காரர் சீசனில் தன் காத்தாடி எடுத்த மின்சாரத்தை மின்வாரியத்தின் வலையில் போட்டுவிட்டு, மார்ச் முடிவதற்குள் தன் ஆலையில் எடுத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மின்சாரம் பானையில் போட்ட அரிசி இல்லை. ஆடியில் அவர் கொடுத்த யூனிட் ஆடியிலேயே தீர்ந்துவிட்டது. தை மாதம் அவர் கேட்கும்போது வாரியம் நிலக்கரியை எரித்தோ வெளியில் வாங்கியோ கொடுக்க வேண்டும். மலிவான நேரத்தில் வாங்கி விலையேறிய நேரத்தில் திருப்பிக் கொடுக்கிறோம் என்று வாரியம் புலம்பியது. இது இல்லாவிட்டால் நாங்கள் முதல் போட்டே இருக்க மாட்டோம் என்று ஆலைக்காரர்கள் சொன்னார்கள். கட்டணம் ஏறியது, 2018-க்குப் பிறகு நட்டவற்றுக்கு அந்த வசதி சுருங்கியது, வழக்குகள் நடந்தன. இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். ஏனென்றால் அது காகிதச் சேமிப்பு. உண்மையான பானையை யாரும் வாங்கவில்லை.

பானை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களா நாம்? பொதிகை மலையடிவாரத்தில் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இலிருந்து ஓடுகிறது. 143 அடி அணை. மழைக்காலத்தில் பிடித்து, நெல்லுக்குத் தண்ணீர் திறக்கும்போது அந்தத் தண்ணீரிலேயே மின்சாரம் எடுக்கிறோம். அதற்கு வெகு முன்பே அங்கே ஹார்வி நூற்பாலை தாமிரபரணி விழும் வேகத்தில் நூல் நூற்றது. கோவை மாவட்டத்துக் காடம்பாறை இன்னும் ஒருபடி மேல், 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவை உச்சத்தில் இருக்கும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். எண்பதுகளின் கடைசியிலேயே கட்டி முடித்தோம். அடுத்ததான 500 மெகாவாட் குந்தாவை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். காத்தாடி பத்தாயிரம் மெகாவாட், பானை 400. இதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டுமா?

அதற்காக மலையிலெல்லாம் அணை கட்டச் சொல்கிறேன் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். இந்த மாவட்டத்தில் கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று ஐந்து அணைகள் இருக்கின்றன. எல்லாம் பாசனத்துக்கு, எல்லாம் சிறியவை. அவற்றின் வயிற்றைத் தூர்வாரினாலே போதும். குற்றால மலையை எவனும் தொடக் கூடாது. காலத்தோடு காலம் சேர்ப்பதற்கு வேறு வழிகளும் உண்டு. பேட்டரி விலை இறங்கிக்கொண்டே வருகிறது. வெயில் காலத்துக் குறையை வெயிலே தீர்க்கட்டும், 2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறார்கள். சித்திரையில் சூரியன், ஆனியில் காற்று, கார்த்திகையில் அணைத் தண்ணீர். நம் பஞ்சாங்கத்திலேயே மின்சாரக் கொள்கை இருக்கிறது, இடைவெளியை அடைக்கத்தான் பானை.

இப்போது தழும்புக்கு வருகிறேன். சுரண்டை, கயத்தாறு பக்கம் காற்று மிக நன்றாக அடிக்கிற இடத்தில் நிற்பவை எவை? முதலில் வந்தவர்கள் நட்ட, பழைய, குட்டையான 225, 250 கிலோவாட் காத்தாடிகள். சந்தியில் நல்ல இடத்தில் பெட்டிக்கடை, ஊருக்கு வெளியே ஜவுளிக்கடை என்கிற கதை. இன்றைய எந்திரம் ஒன்று 3 மெகாவாட், நூறு மீட்டருக்கும் மேல் தலையைத் தூக்கி நிற்கிறது. முள்ளக்காட்டில் நட்டதைப் போலக் கிட்டத்தட்ட 55 மடங்கு. பத்துப் பழையதை எடுத்துவிட்டு ஒரு புதியதை நட்டால் அதே நிலத்தில் அதைவிட அதிகம் எடுக்கலாம். கணக்கு சுலபம், பட்டா கஷ்டம். பத்துக் காத்தாடிக்குப் பத்து முதலாளி. ஒருவர் விற்கத் தயார், ஒருவருக்கு வங்கிக் கடன், ஒருவர் செத்துப்போய் மக்கள் கோர்ட்டில். பங்காளிகள் பாகம் பிரிக்காத பூர்வீக வீட்டை இடித்துக் கட்டுவது மாதிரி. 2024-இல் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க ஒரு கொள்கை வெளியிட்டது. அதில் போட்ட கட்டணமும் பேங்கிங் விதிகளும் பிடிக்காமல் ஆலைக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். நல்ல காற்று பழைய இறக்கையில் இன்னும் வீணாகிறது.

ஆனால் புதுப்பிக்கிற இந்த நேரத்தில்தான் அந்த வீரகேரளம்புதூர்ப் பெரியவர் எனக்கு ஞாபகம் வருகிறார். அவர் மானாவாரி நிலத்தை ஏக்கர் கணக்கில் விற்றார், ஒரே ஒரு தடவை பணம் வந்தது. மகள் கல்யாணத்தில் தீர்ந்தது. மகன் அதே காத்தாடிக்கு வாட்ச்மேன். லாபம் போகிற ஊர் வேறு. நமக்கு ஆரம்பத்தில் எந்திரங்களைக் கொடுத்து உதவிய அந்த டென்மார்க்கில், 2008-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: புதிதாகக் காற்றாலை நடுகிறவர் அதன் பங்கில் குறைந்தது 20 விழுக்காட்டைச் சுற்று வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு விலைக்குக் கொடுக்க முன்வர வேண்டும். 2020 வரை அந்த விதி இருந்தது. எந்திரத்தை வாங்கிக்கொண்டோம், இந்தச் சட்டத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் மன்னாரில் என்ன நடந்தது? 2020-இல் 103.5 மெகாவாட் காற்றாலை திறந்தார்கள். வலசைப் பறவை வரும் பாதை, வெள்ளம் வடிய வழியில்லை என்று ஊர் சொன்னது. மேலும் நடப்போகிறோம் என்றதும் 2025-இல் ஜனங்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். காற்றுக்கு அவர்கள் விரோதிகள் இல்லை, தங்களைக் கேட்காமல் நடுவதற்கு விரோதிகள்.

லாபம் வேறு ஊருக்கு, கஷ்டம் நமக்கு என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. புளியரை சோதனைச் சாவடியில் ஒரு ராத்திரி நின்று பாருங்கள். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற டிப்பர் லாரிகள். நம் பாறை போகிறது, சாலை நமக்குப் பள்ளம். மேற்கே பாறை போகும் அதே கணவாய் வழியாகக் கிழக்கே காற்று வருகிறது. பாறை ஒரு தடவை போனால் போனதுதான். காற்று அடுத்த வைகாசியிலும் வரும். எதை வளர்ச்சி என்று கணக்கில் எழுத வேண்டும் என்று கலெக்டர் ஆபீசில் யாராவது கேளுங்கள். 2019 நவம்பரில் தனி மாவட்டம் வாங்கினோமே, இப்படிக் கேட்பதற்குத்தானே வாங்கினோம்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. புதுப்பிக்கிற ஒவ்வொரு காத்தாடிக்கும் அந்தப் பஞ்சாயத்துக்கு வருஷா வருஷம், ஓடிய யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு பங்கு. நட்ட பணத்துக்குக் கொடுக்காதீர்கள், ஓடிய மின்சாரத்துக்குக் கொடுங்கள். அப்போது அந்தப் பெரியவர் காத்தாடி நின்றால் எரிச்சல்படுவார், ஓடினால் சந்தோஷப்படுவார். மழையைக் குறை சொல்ல மாட்டார்.

ஆடி பிறக்க இன்னும் சில நாள்தான். உங்களில் சுரண்டை, ஆலங்குளம், சங்கரன்கோவில் பஸ்ஸில் போகிறவர்கள் நிறையப் பேர். போனைக் கொஞ்சம் பைக்குள் வையுங்கள். ஜன்னல் வழியே காத்தாடிகளைப் பாருங்கள். ஓடுகிறவற்றை எண்ண வேண்டாம், அவற்றுக்குப் பிரச்சினை இல்லை. ஆடிக் காற்றில் ஓடாமல் நிற்கிறவற்றை எண்ணுங்கள். எண்ணி, எந்த ஊர், எந்த நாள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள், நானும் என் நோட்டைக் கொண்டுவருகிறேன்.